கிளப்பின் கோடிங் பயிற்சித் தளம்: ப்ராப்ளங்களை ஒழுங்காக அடுக்க என்னென்ன வசதி சேர்க்கலாம்?

மூன்றாமாண்டு_சிஎஸ்இ

வணக்கம். எங்கள் கல்லூரி கோடிங் கிளப்புக்காக ஒரு சின்னத் தளம் நடத்துகிறோம். ப்ராப்ளம் வாசகத்தை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. லீட்கோட், கோட்ஃபோர்சஸ், சிஎஸ்இஎஸ் என்ற மூன்று கோடிங் பயிற்சித் தளங்களுக்கும் லிங்க் மட்டும் கொடுத்து, முடித்தவர்கள் டிக் அடிக்கிற மாதிரி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். சீனியர்கள் தொடங்கியபோது ஒரு ஸ்ப்ரெட்ஷீட் அளவில் இருந்தது. இப்போது சில நூறு ப்ராப்ளம் சேர்ந்துவிட்டதால், புதிதாக வரும் முதலாமாண்டுப் பிள்ளைகள் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மேலே இருக்கும் நாலைந்தைப் போட்டுவிட்டு அப்படியே காணாமல் போய்விடுகிறார்கள்.

இப்போதைக்கு டாபிக் டேக், ஈஸி மீடியம் ஹார்ட், முடித்தது முடிக்காதது, இவைதான் இருக்கின்றன. இந்த லீவில் புதிதாக எழுத நினைப்பது: ஆளாளுக்குச் சொந்த லிஸ்ட், அதைப் பகிரும் வசதி, இன்னும் நுணுக்கமான டேக், “திரும்பப் போட வேண்டும்” என்று குறித்து வைக்க ஒரு பட்டன். கோட் எழுத இரண்டே பேர்தான், எல்லாவற்றையும் செய்ய முடியாது. பிளேஸ்மென்ட் நேரத்தில் எது நிஜமாகவே கைகொடுத்தது, எது சும்மா அழகுக்கு இருந்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பைனரிபாண்டி

தம்பி, டேக்கை நுணுக்கமாக்குவது இருக்கட்டும், முதலில் அதை மறைக்க ஒரு வழி செய்யுங்கள். லீட்கோட் 875-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், கோகோ வாழைப்பழம் தின்னும் கணக்கு. குவியல் குவியலாகப் பழம் இருக்கிறது, கொடுத்த நேரத்துக்குள் எல்லாம் தீர வேண்டும், மணிக்குக் குறைந்தபட்சம் எத்தனை பழம் தின்றால் போதும்? இதில் கஷ்டமே ஒன்றுதான். வேகம் கூடினால் நேரம் குறைந்துகொண்டே போகும், ஆகவே விடையின் மேலேயே பைனரி சர்ச் (தேடும் எல்லையை ஒவ்வொரு முறையும் பாதியாக்கித் தேடுவது) போடலாம் என்று நமக்குத் தோன்ற வேண்டும். தோன்றிவிட்டால் மீதி பத்துப் பதினைந்து வரி. பெயருக்குப் பக்கத்திலேயே “பைனரி சர்ச்” என்று ஒட்டி வைத்தால் அப்புறம் யோசிக்க என்ன மிச்சம்? கோட்ஃபோர்சஸில் முடிக்காத ப்ராப்ளத்துக்கு டேக் காட்டாதே என்று செட்டிங்ஸில் சொல்லிவிடலாம். அதையே நீங்களும் செய்யுங்கள், சொல்லப்போனால் அதுவே டீஃபால்ட்டாக இருக்கட்டும்.

நுணுக்கமான டேக்கும் வேண்டும்தான், ஆனால் முடித்த பிறகு தெரிந்தால் போதும். 875, 1011, 410 மூன்றும் ஒரே யோசனை. 33, அதாவது சுழற்றி வைத்த அர்ரேயில் ஒரு எண்ணைத் தேடுவது, வேறு யோசனை. நான்குக்கும் பைனரி சர்ச் டேக்தான் இருக்கிறது. 33-ஐத் தண்ணீர் பட்ட பாடாகப் போடுகிறவன் 410-ல் முழிப்பதற்குக் காரணம் இதுதான். அவன் பைனரி சர்ச் முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பான், டேக் பக்கமும் அப்படித்தான் சொல்லும்.

ஏசி_வந்தால்_போதும்

டேக்கைவிட எனக்கு அந்த டிக் மேல்தான் கோபம். தானாக யோசித்துப் போட்டாலும் டிக், தளம் தரும் விடை விளக்கமான எடிட்டோரியலைப் பக்கத்தில் திறந்து வைத்து டைப் அடித்தாலும் டிக், ரூம் மேட் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை ஒட்டினாலும் அதே டிக். இன்டர்வியூவுக்கு முந்தைய வாரம் பச்சையாக இருக்கும் பக்கத்தைப் பார்த்தால் எதைத் திரும்பப் படிப்பது என்றே தெரியாது. டிக் அடிக்கும் அந்த இடத்திலேயே மூன்று பட்டன் வையுங்கள்: தானே போட்டது, குறிப்புப் பார்த்தது, விடை பார்த்தது. ஒரே கிளிக்கில் முடிய வேண்டும். தனிப் பக்கம், ஃபார்ம், ஐந்து நட்சத்திரம் என்று போனால் ஒருவரும் நிரப்ப மாட்டார்கள்.

கோட்ஃபோர்சஸ் ப்ராப்ளங்களுக்கு இதில் பாதியை ஆளைக் கேட்காமலே எடுக்கலாம். அவர்கள் ஏபிஐயில் (நம் புரோகிராம் அவர்கள் தளத்திடம் தகவல் கேட்டு வாங்கும் வழி) யூசர் ஸ்டேட்டஸ் என்று ஒரு மெத்தட் உண்டு. ஹேண்டிலை (அந்தத் தளத்தில் ஒருவரின் பயனர் பெயர்) கொடுத்தால் ஒவ்வொரு சப்மிஷனும் சரியா தப்பா என்ற வெர்டிக்டோடு வரும். ஏசி (அக்ஸெப்டட், அதாவது சரியென ஏற்பது) வருவதற்கு முன் எத்தனை ராங் ஆன்ஸர், எத்தனை டைம் லிமிட் என்று எண்ணி, அதிகம் தடுமாறியவற்றை மட்டும் ஒரு லிஸ்டாகக் காட்டுங்கள். அந்த லிஸ்டை யாரும் கையால் போடவே வேண்டாம். இரண்டு நொடிக்கு ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு மேல் அனுப்பாதீர்கள், அதுதான் அவர்கள் வைத்திருக்கும் வரம்பு. லீட்கோட் அதிகாரபூர்வமாக இப்படிப் பொது ஏபிஐ எதுவும் தருவதில்லை, அங்கே கைதான் கதி.

நள்ளிரவு_சப்மிட்

திரும்பப் போடும் பட்டனுக்கு என் ஓட்டு. ஆனால் வெறும் பட்டனாக வைத்தால் அது குப்பைத்தொட்டியாகிவிடும், எல்லாரும் குறித்துத் தள்ளுவார்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தேதி வேண்டும். மொழி படிக்கிறவர்கள் அங்கி (Anki) என்ற மனப்பாட ஆப்பில் செய்கிற அதே முறைதான்: சரியாகப் போட்டால் அடுத்த முறை இன்னும் தள்ளி வரும், தப்பாகப் போட்டால் சீக்கிரமே வரும். தளத்தைத் திறந்ததும் “இன்றைக்கு இந்த இரண்டு” என்று மட்டும் காட்டினால் போதும், அதற்கு மேல் காட்டினால் திறக்கிறவர்கள் மூடிவிடுவார்கள்.

பைனரிபாண்டி

நள்ளிரவு, இதில் எனக்கு உடன்பாடில்லை. வார்த்தைகளுக்கு அந்த முறை சரி. அதே ப்ராப்ளத்தைத் திரும்பக் கொடுத்தால் நினைவிலிருந்து கோட் வந்து விழும், அதற்குப் பெயர் பயிற்சியா? 560 (அடுத்தடுத்து வரும் எண்களின் கூட்டல் கொடுத்த தொகையாக எத்தனை இடத்தில் வருகிறது என்ற கணக்கு) போட்டவனுக்கு மூன்று வாரம் கழித்து 560-ஐயே கொடுக்காதீர்கள், 974 கொடுங்கள், இல்லை 525 கொடுங்கள். மூன்றிலும் ப்ரிஃபிக்ஸ் சம்மை (தொடக்கத்திலிருந்து அதுவரையான கூட்டல்) ஹாஷ் மேப்பில் (சட்டென்று தேடி எடுக்கும் அட்டவணை) போட்டு வைப்பதுதான் வேலை, ஆனால் பூச்சியமும் ஒன்றும் சம அளவில் இருக்கும் நீளமான துண்டைக் கேட்கும் 525-ல் பூச்சியத்தை மைனஸ் ஒன்றாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்று முதலில் தோன்ற வேண்டும். அது தோன்றுகிறதா என்பதுதானே நமக்குத் தெரிய வேண்டியது.

நள்ளிரவு_சப்மிட்

சரி, உறவுக்கார ப்ராப்ளம் கொடுப்பது நல்ல யோசனைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் முறை விடை பார்த்துப் போட்டவர்களுக்கு அதே ப்ராப்ளம் ஒரு தடவையாவது திரும்ப வர வேண்டும். 560-ல் நெகட்டிவ் எண் வரும், ஸ்லைடிங் விண்டோ (இரு முனைகளை நகர்த்திக்கொண்டே போகும் முறை) அங்கே செல்லாது என்பதே பிடிபடாதவருக்கு 525 கொடுத்து என்ன பயன்? மேலே சொன்ன மூன்று பட்டனை இதற்கே பயன்படுத்தலாம். தானே போட்டவருக்கு உறவுக்காரர், விடை பார்த்தவருக்கு அதே ப்ராப்ளம்.

பழைய_ஜட்ஜ்

யாரும் சொல்லாத ஒன்று: வரம்பை வைத்துத் தேடும் வசதி. ப்ராப்ளத்தின் கதை மறந்துவிடும், பெயர் சுத்தமாக மறந்துவிடும், “உள்ளீடு 20-க்குள்தான் இருந்தது” என்பது மட்டும் ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு ப்ராப்ளத்துக்கும் உள்ளீட்டின் உச்ச அளவை டேபிளில் ஒரு நெடுவரிசையாகச் சேர்த்து ஃபில்டர் கொடுங்கள். இதில் டேக் மாதிரி விடையை உடைத்துவிடும் தொல்லையும் இல்லை, ப்ராப்ளம் வாசகத்திலேயே இருப்பதுதானே. 20 என்றால் எல்லா உட்கணத்தையும் பார்த்தாலும் பத்தரை லட்சத்துக்குள் அடங்கும். 500 என்றால் மூன்று லூப் ஒன்றுக்குள் ஒன்று போட்டாலும் பன்னிரண்டரைக் கோடி, பெரும்பாலும் தப்பிக்கும். 2 லட்சம் என்றால் இரண்டு லூப்புக்கே வழியில்லை. இப்படி அளவைப் பார்த்து முறையைக் கணிக்கப் பழகுவதே கான்டெஸ்ட்டில் பாதி வேலை.

அப்புறம் ஒரே ப்ராப்ளம் இரண்டு தளத்திலிருந்தும் உங்கள் லிஸ்டில் இருக்கும், ஒன்றை அழித்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். அழிக்காதீர்கள், இணைத்து வையுங்கள். லீட்கோட் 53-ம் சிஎஸ்இஎஸ்ஸில் இருக்கும் மேக்ஸிமம் சப்அர்ரே சம்மும் ஒன்றேதான், ஆனால் லீட்கோட்டில் எண்கள் பத்தாயிரத்தைத் தாண்டாது, மொத்தம் சாதாரண இன்ட்டில் (சி++-ன் வழக்கமான முழு எண் வகை) அடங்கிவிடும். சிஎஸ்இஎஸ்ஸில் ஒவ்வொரு எண்ணும் நூறு கோடி வரை போகும், 2 லட்சம் எண்கள். லீட்கோட்டில் ஏசி வாங்கிய சி++ கோடை சிஎஸ்இஎஸ்ஸில் அப்படியே ஒட்டினால் ராங் ஆன்ஸர் வரும், இன்னும் பெரிய எண்ணைத் தாங்கும் லாங் லாங் ஆக மாற்ற வேண்டும். இது முதலாமாண்டுக்கு நேரடியாக ஒரு பாடம்.

மூன்றாமாண்டு_சிஎஸ்இ

அண்ணா, வரம்பு ஃபில்டர் எங்களுக்குத் தோன்றவே இல்லை, கட்டாயம் சேர்க்கிறோம். லிஸ்ட் பற்றி யாரும் பேசவில்லையே? எங்கள் கிளப்பில் எல்லாரும் கேட்பது அதைத்தான்.

ஏசி_வந்தால்_போதும்

கேட்பார்கள், பத்து லிஸ்ட் போடுவார்கள், ஒன்றையும் முடிக்க மாட்டார்கள். பிளைண்ட் 75 என்ற இன்டர்வியூ ப்ராப்ளம் லிஸ்ட் இத்தனை பேரிடம் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் அது 75-ல் நின்றதுதான். நீட்கோட் 150 என்ற லிஸ்ட் அதையே இரட்டிப்பாக்கியது, அதுவும் முடிக்கக்கூடிய அளவுதான். சொந்த லிஸ்ட் கொடுங்கள், ஆனால் அளவுக்கு ஓர் உச்சம் வையுங்கள். முக்கியமாக, லிஸ்டுக்குள் வரிசையை இழுத்து மாற்ற முடிய வேண்டும். சேர்த்த தேதிப்படி காட்டும் லிஸ்ட் வெறும் புக்மார்க்தான்.

வரிசை என்றால் என்ன என்று சிஎஸ்இஎஸ்ஸின் டிபி (டைனமிக் ப்ரோகிராமிங், சின்ன விடைகளைச் சேமித்துப் பெரிய விடையைக் கட்டுவது) பகுதியைப் பாருங்கள். காசுகளை வைத்து ஒரு தொகையை எத்தனை வழியில் சேர்க்கலாம் என்று கேட்கும் காயின் காம்பினேஷன்ஸ் ஒன்றில் 2+3, 3+2 இரண்டும் வேறு வேறு வழி. அடுத்ததில் இரண்டும் ஒன்றே. கோடில் மாறுவது எந்த லூப் வெளியே, எந்த லூப் உள்ளே என்பது மட்டும். பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால்தான் அந்த வித்தியாசம் கண்ணில் படுகிறது. இரண்டையும் பிரித்து, ஈஸி மீடியம் என்று கலைத்துப் போட்டால் யாருக்கும் விளங்காது. முதலாமாண்டுக்கு நீங்களே இப்படி வரிசைப்படுத்திய ஒரே ஒரு லிஸ்டை முகப்பில் வையுங்கள், மற்ற லிஸ்டெல்லாம் உள்ளே இருக்கட்டும்.

நள்ளிரவு_சப்மிட்

லிஸ்டைச் சிஎஸ்வியாக (ஸ்ப்ரெட்ஷீட்டில் திறக்கக்கூடிய ஃபைல்) இறக்கிக்கொள்ளும் பட்டன் ஒன்றும் முதல் நாளே வையுங்கள். நான் முன்பு பயன்படுத்திய ஒரு தளம் டிசைனை மாற்றியபோது லிஸ்டில் எழுதி வைத்த குறிப்பெல்லாம் போயே போய்விட்டது.

மூன்றாமாண்டு_சிஎஸ்இ

சிஎஸ்வி சுலபம், இன்றே எழுதிவிடலாம். டேக்கை மறைப்பது, மூன்று பட்டன், வரம்பு ஃபில்டர், இந்த வரிசையில் தொடங்குகிறோம். உறவுக்கார ப்ராப்ளம் விஷயத்தில் மட்டும் ஒரு சந்தேகம்: டேபிளில் ஒவ்வொரு ப்ராப்ளத்தையும் அதன் ஜோடியோடு இணைத்து வைப்பதா, இல்லை ஒரு குழு எண் கொடுத்துவிடலாமா?

பழைய_ஜட்ஜ்

ஜோடி வேண்டாம், பத்து ப்ராப்ளம் ஒரே யோசனை என்றால் நாற்பத்தைந்து வரி எழுத வேண்டிவரும். ஒற்றைக் குழு எண்ணும் வேண்டாம். பாண்டி சொன்ன 410-ஐயே பாருங்கள், விடை மேல் பைனரி சர்ச் போட்டும் முடிக்கலாம், டிபி போட்டும் முடிக்கலாம், எந்தக் குழுவில் வைப்பீர்கள்? “யோசனை” என்று தனி டேபிள் வைத்து, நடுவில் ப்ராப்ளத்தையும் யோசனையையும் இணைக்கும் டேபிள் ஒன்று போடுங்கள். டேக்கை மறைக்கிற அதே கண்டிஷன் இந்த டேபிளுக்கும் பொருந்தும், முடிக்காதவருக்கு உறவுக்காரர் பட்டியலையும் காட்டாதீர்கள், அதிலிருந்தே ஊகித்துவிடுவார்கள்.