மறு: ‘ஷீலா’ எந்த வகைப் பெயர்?

> பெண் பெயர்த் தொகுப்பில் ‘ஷீலா’வில் வந்து நிற்கிறேன். வடமொழிப் பெயரா, ஐரிஷ் பெயரா? ஒன்றுபோல் ஒலித்து மூலம் வேறாக இருப்பதை ஆங்கிலத்தில் ஃபால்ஸ் காக்னேட் என்கிறார்கள். நாம் ‘போலிப் பெயர்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம் ஐயா.

‘போலி’ வேண்டாம். ஷீலா என்ற பெண்ணிடம் போய் ‘உங்களுடையது போலிப் பெயர்’ என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். அது கிடக்கட்டும், இலக்கணத்தில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. நிலம்–நிலன், பந்தல்–பந்தர் என எழுத்து மாறியும் பொருள் மாறாதது போலி. ஷீலா அதற்கு நேர் தலைகீழ். எழுத்து அப்படியே நிற்கிறது, வேர்தான் வேறு.

ஐரிஷ் ஷீலா என்பது செசிலியாவின் ஐரிஷ் வடிவம். செசிலியா ரோமானியக் குடிப்பெயர் ஒன்றிலிருந்து வந்தது. அதன் அடியில் இருக்கும் ‘கைக்குஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்குப் பார்வையற்ற என்று பொருள். (தவளைக்குத் தூரத்து உறவான, மண்ணுக்குள் வாழும் காலில்லாத பிராணி ஒன்றுக்கு லின்னேயஸ் 1758இல் சிசிலியா என்று பெயர் வைத்ததும் இந்தச் சொல்லை வைத்துத்தான்.) நம் ஊர் ஷீலாவோ சீலத்திலிருந்து வருகிறாள். பஞ்சசீலத்தில் இருக்கும் அதே சீலம், அதாவது ஒழுக்கம். சுசீலா என்றால் நல்லொழுக்கம் உடையவள்.

எழுத்துக்கூட்டலைப் பார்த்து இரண்டையும் பிரித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். டெல்லி முதல்வராக 1998 முதல் 2013 வரை இருந்த ஷீலா தீட்சித் தன் பெயரை ஆங்கிலத்தில் ஐரிஷ்காரர்கள் எழுதுவதுபோல்தான் எழுதினார். என் அத்தை பெயரும் ஷீலாதான். தாத்தா சீலத்தை நினைத்து வைத்தாரா, எங்கேயோ கேட்ட வெள்ளைக்காரப் பெயர் பிடித்துப்போய் வைத்தாரா என்று கேட்க இப்போது அவர் இல்லை. ஆகவே பெயர் ஒன்று, வேர் பல என்பதை மட்டும் சொல்லும் சொல்தான் நமக்கு வேண்டும்.

தொல்காப்பியத்தில் ‘பலபொருள் ஒருசொல்’ இருக்கிறதே, அந்த அச்சிலேயே ‘பலவேர் ஒருபெயர்’ என்று வார்க்கலாம். சுருக்கமாகப் பல்வேர்ப் பெயர். இதில் இன்னொரு லாபமும் உண்டு. திருப்பிப் போட்டால் ‘ஒருவேர்ப் பல்பெயர்’. நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் இருக்கும் சிசிலியும் அயர்லாந்து ஷீலாவும் இதில் அடங்கிவிடும். பார்வைக்குச் சம்பந்தமே இல்லை, ஆனால் இரண்டும் ஒரே பெயர்.

> ‘பல்வேர்’ என்றால் ஆலமரம் நினைவுக்கு வருகிறது. ஒரே மரத்துக்குப் பல வேர் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா? இன்னொன்று, தொகுப்பில் கிரந்தம் தவிர்த்துச் ‘சீலா’ என்றே எழுத எண்ணியிருந்தேன்.

ஆலமர ஐயம் நியாயமானதுதான். ஆனால் விழுது இறங்குவது மேலிருந்து. இங்கே வெவ்வேறு இடத்தில் முளைத்தவை மேலே வந்து ஒரே கிளையாகத் தெரிகின்றன. ‘வேற்றுவேர்ப் பெயர்’ என்றால் குழப்பம் குறையுமோ என்று யோசித்தேன், வாயில் நுழையவில்லை. பல்வேரே இருக்கட்டும், விளக்கக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

சீலா மட்டும் வேண்டவே வேண்டாம், கடற்கரைப் பக்கம் அது மீன்! மூன்றாவது வேர் ஒன்றை நாமே நட்டுவிடுவோம்.

அப்புறம், மாயாவையும் தாராவையும் இதே தலைப்பில் போட்டுவிடுங்கள். கிரேக்கத்தில் மாயா ஹெர்மிஸ் என்ற கடவுளின் தாய், இங்கே புத்தரின் தாய். தாரா இங்கே விண்மீன், அயர்லாந்தில் பழைய அரசர்களின் குன்று. அனிதாவை மட்டும் இரண்டு நாள் நிறுத்தி வையுங்கள். பெயர்ப் புத்தகங்களில் வடமொழி என்று போட்டு ‘அருள்’ என்று பொருள் எழுதுகிறார்கள். அந்த அருள் எபிரேய ஹன்னாவுக்கு உரியது, அன்னாவாகி ஸ்பானிய அனிதா வழியாக வந்தது. வடமொழி வேர் ஒன்று உண்மையிலேயே கிடைத்தால்தான் அதைப் பல்வேரில் சேர்க்க முடியும்.