சேர்வராயன் மலையில் கேடயவால் பாம்பு எதிர்ப்பட்டால்… (அனுபவப் பகிர்வு: ஏற்காட்டு மலைபற்றி ஐந்து பேர் புனைபெயரில் எழுதியது)

சருகுக்காடு:
இரண்டு நாள் விடாமல் பெய்து வெளுத்த காலையில் நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கம் தார்ச்சாலை ஓரத்தில் பார்த்து நடங்கள். ஒரு முழம்கூடத் தேறாத குட்டைப் பாம்பு ஒன்று நெளியும். எண்ணெய் தடவினாற்போல் மின்னும் கருத்த உடம்பு, குறுக்கே ஒழுங்கில்லாத மஞ்சள் கோடுகள். தலை கூர்ந்திருக்கும், கண் இருப்பதே தெரியாது. வால்தான் தடித்து மழுங்கி, மேலே சொரசொரப்பான தகட்டோடு இருக்கும். அந்தத் தகட்டில் எப்போதும் மண் அப்பியிருக்கும்.

இது சேர்வராயனுக்கே உரிய கேடயவால் பாம்பு, யூரோபெல்டிஸ் ஷார்ட்டி. 1863-இல் பெடோம் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் இதைப் புதிய இனமாக விவரித்தார். பிறகு வேறோர் இனத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். 2014-இல்தான் மறுபடி தனி இனமாக நிலைநாட்டப்பட்டது.

சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1500-ஐ ஒட்டி. ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஆறரை டிகிரி குறையும் என்று கணக்குப் போட்டால் எட்டு டிகிரி வித்தியாசம் வரும். அந்த எட்டு டிகிரியில்தான் இதன் பிழைப்பு. மண்ணுக்குள் புழு தின்று வாழும் இது, அடிவாரத்துச் சூட்டைக் கடந்து கொல்லிமலைக்கோ கல்வராயனுக்கோ போகப்போவதில்லை. நீலகிரியில் தொட்டபெட்டா 2637 மீட்டர் வரை ஏறிக்கொள்ள இடமுண்டு. இங்கே சேர்வராயன் கோயில் உச்சியே 1623 மீட்டர்தான். வெயில் கூடினால் இதற்கு ஒதுங்க மிச்சமிருப்பது சருகுக்கு அடியில் ஈரம் காயாத ஒரு ஜாண் மண் மட்டும்.

தடிக்கம்பு:
சாலையில் கண்டால் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கையால் தொடாதீர்கள். கேடயவாலுக்கு விஷம் இல்லை, கடிக்கவும் வராது. ஆனால் கருப்பு உடம்பு, குறுக்குக் கோடு என்றால் கட்டுவிரியன் குட்டியும் அப்படித்தான் இருக்கும். கட்டுவிரியனின் வால் மெலிந்து கூராக முடியும், கோடு வெள்ளை. டார்ச் வெளிச்சத்தில் வெள்ளையும் மஞ்சளும் பிரித்துத் தெரியாது என்பதால் வாலை மட்டும் நம்புங்கள். வால் தெரியவில்லையா, சந்தேகமா, ஒதுங்கி நின்று வனத்துறையையோ தீயணைப்பையோ கூப்பிடுங்கள்.

கேடயவால்தான் என்று உறுதியானால் ஒரு குப்பைமுறம் அல்லது கெட்டி அட்டையில் ஈரச் சருகைப் பரப்பி, மூன்றடிக் குச்சியால் மெதுவாக அதில் தள்ளுங்கள். தலை எந்தப் பக்கம் நோக்கியிருந்ததோ அந்தப் பக்கமே, சாலையிலிருந்து ஐந்து பத்து மீட்டர் தள்ளி, நிழலில், பொலபொலவென்ற மண்ணில் விடுங்கள். தானே தலையைச் செருகி இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால் மேலே சருகைப் போட்டு மூடிவிட்டு நகருங்கள், குழி தோண்டி உதவ வேண்டாம்.

கெடுவது எங்கே என்றால், படம் எடுப்பதற்காக வெயிலில் வைத்திருப்பதிலும் பாட்டிலில் போட்டு ஊருக்குக் கொண்டுபோவதிலும்தான். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்த பாட்டிலில் அது வெகுநேரம் தாங்காது. இன்னொன்று, இதை ‘இருதலைப் பாம்பு’ என்று விலை பேச வருகிறவர்கள் உண்டு. அவர்கள் தேடும் மண்ணுளி வேறு, அதைப் பிடிப்பதும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

அரபிகா:
பாம்பைத் தூக்கிவிட்டால் மட்டும் போதுமா? அது இறங்க மண் இருக்க வேண்டுமே. காப்பித் தோட்டத்தில் சருகை வாரிக் குவித்துக் கொளுத்துவதுதான் முதல் கேடு. மூன்று அங்குலம் சருகு நிற்கட்டும். செடித் தண்டை ஒட்டி அரையடி மட்டும் விலக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அடித்தண்டு அழுகும்.

நிழல் விஷயத்தில் பாம்பின் நன்மையும் காப்பியின் நன்மையும் ஒன்றுதான். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு வெயில் படும் அரபிகா வகைக் காப்பித் தண்டைத்தான் தேடி வந்து பட்டை வெடிப்பில் முட்டையிடும். அது பறக்கும் காலம் ஏப்ரல்–மே, பிறகு அக்டோபர்–டிசம்பர். மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு செடியாகத் தண்டைத் தடவிப் பாருங்கள். மோதிரம் மோதிரமாகப் புடைப்பு தட்டுப்பட்டு, இலையும் மஞ்சளித்திருந்தால் வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். நிழல்மரத்தை ஒரேயடியாக மொட்டையடித்த தோட்டத்தில் இந்த வேலை இரட்டிப்பாகும்.

அடுத்தது பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவை. இலைத்துரு நோய்க்கு 0.5 சதம் என்றால் 200 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் (தாமிர சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ. இரும்பு டிரம் கூடாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றுங்கள், மாற்றி ஊற்றினால் கலவை திரிந்துவிடும். துலக்கிய இரும்புக் கத்தியை முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேருங்கள். அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மிச்சத்தை ஓடைப் பள்ளத்தில் கவிழ்ப்பது பெரிய தவறு. தாமிரம் மக்காது, வருஷத்துக்கு வருஷம் மண்ணில் சேரும், மண்புழு அற்றுப்போகும். புழு போனால் கேடயவாலுக்குச் சோறு இல்லை.

சருகுக்காடு:
அரபிகா சொன்ன நிழல் எந்த மரத்தின் நிழல் என்பதும் முக்கியம். சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். சீக்கிரம் வளரும், மிளகுக் கொடி ஏற வசதி, விற்றால் காசு. ஆனால் நிழல் மெல்லியது, இலையும் லேசில் மக்காது. அதை ஒட்டுமொத்தமாக வெட்டச் சொல்லவில்லை, அது நடக்கிற காரியமும் இல்லை. விழும் மரத்துக்குப் பதிலாகப் பலா, அத்தி, நாவல், சந்தன வேம்பு என்று கலந்து வைத்தால் கிளை இரண்டு அடுக்காக நிற்கும். ஆர்க்கிட் ஒட்டிய பழைய கிளையை மட்டும் கழிக்காதீர்கள். ஆர்க்கிட் விதைக்கு உள்ளே சேமிப்பு உணவு கிடையாது, சரியான பூஞ்சை வாய்த்தால்தான் முளைக்கும். சொரசொரத்த பழைய பட்டையில் அதற்குள்ள வாய்ப்பு புதுமரத்தில் இல்லை.

கல்லடுக்கு:
சிமெண்டுச் சாக்கடையை யாரும் சொல்லவில்லையே. ஒன்றரை அடி ஆழம், இரண்டு பக்கமும் செங்குத்து, வழவழப்பான பூச்சு. தவளையோ கேடயவாலோ விழுந்தால் ஏற வழியில்லை, பத்து மணி வெயிலில் கதை முடிந்துவிடும். மழைக்கு மறுநாள் ஒரு சாக்கடையை நூறு மீட்டர் நடந்து பார்த்தால் புரியும்.

சரிசெய்யப் பெரிய செலவில்லை. பத்து மீட்டருக்கு ஒன்றாக, பள்ளத்தின் பக்கம், ஜல்லியும் சாந்தும் போட்டுச் சரிவு கட்டுங்கள். 45 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. மேலே பூசாமல் சொரசொரப்பாக விடுங்கள். கொத்தனார் பழக்கத்தில் தேய்த்துவிடுவார், பக்கத்திலேயே நில்லுங்கள். நீரோட்டம் அடைபடாமல் சரிவின் அகலம் சாக்கடையில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும்.

மண்சரிவுத் தடுப்புக்கு முடிந்த இடத்தில் சாந்தில்லாக் கல்லடுக்கே நல்லது. மண்ணின் ஈரமும் மூச்சுவிடும், இடுக்கில் நிமாஸ்பிஸ் ஏற்காடென்சிஸ் பல்லியும் குடியிருக்கும். 2000-இல் இந்திரனீல் தாஸும் ஆரன் பாவரும் விவரித்த சின்னப் பல்லி அது. கண்மணி வட்டமாக இருக்கும்.

இருபதாம் வளைவு:
ஒரு சின்னச் சேர்க்கை. பனிமூட்டத்தில் ஏறும்போது லோ பீம் போடுங்கள். ஹை பீம் மூட்டத்தில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். காட்டுமாடு நின்றால் ஹாரன் வேண்டாம், ஐம்பது மீட்டர் விட்டு நிறுத்துங்கள். ஒன்று கடந்ததும் கிளம்பாதீர்கள், பின்னால் கன்று வரும்.

சருகுக்காடு:
தனிச்செய்தியில் மண்வெப்பம் எப்படி அளப்பது என்று கேட்டிருந்தார்கள். நீளத் தண்டுள்ள மண் தெர்மாமீட்டர் போதும். ஏப்ரலில், மதியம் 2 மணிக்கு, சருகு நிற்கும் இடம் ஒன்று, வாரிய இடம் ஒன்று. இரண்டிலும் 10 சென்டிமீட்டர் ஆழம், ஐந்து நிமிஷம் பொறுத்துக் குறியுங்கள். முந்தின நாள் மழை பெய்திருந்தால் அதையும் எழுதுங்கள். குத்திய இடத்தில் ஒரு முளைக்குச்சி அடித்துவிட்டால் அடுத்த மாதம் இடம் மாறாது.