முடிவு தெரிந்த காதல் நாவல் ஏன் அலுப்பதில்லை?

கேள்வி – காரைக்குடி வாசகி

இந்தக் காலத்து நகைச்சுவைக் காதல் நாவல்களையே அண்மையில் அடுத்தடுத்துப் படித்து வருகிறேன். அலுவலகத்தில் ஒருவரையொருவர் கண்டாலே எரிந்துவிழும் இருவர் கடைசி அத்தியாயத்தில் சேர்ந்துவிடுவார்கள் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வருவதில்லை, முடித்ததும் மனம் லேசாகிறது. கொலையாளி யாரென்று தெரிந்துவிட்ட துப்பறியும் கதை இப்படி இழுப்பதில்லையே? இதில் மட்டும் அந்த ஆறுதல் எங்கிருந்து வருகிறது? நேரத்தை வீணாக்குகிறேன் என்று சொல்லும் என் வீட்டுக்காரருக்கும் ஒரு பதில் வேண்டும்.

பதில் – தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, துப்பறியும் கதையில் முடிவுதான் சரக்கு. இங்கே சரக்கு ஊடல். இருவரும் பிரிந்துவிடுவார்களோ என்ற அச்சம் விலகிவிடுவதால், அவர்கள் எதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிறார்கள் என்பதை நாம் நிதானமாக ரசிக்க முடிகிறது. திருக்குறளின் 132ஆம் அதிகாரமான புலவி நுணுக்கத்தைப் பாருங்கள். தலைவன் தும்மியதும் வாழ்த்திய தலைவி, யாரை நினைத்துத் தும்மினீர் என்று உடனே அழுகிறாள். அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்கிக்கொள்ள, உம்மவர் உம்மை நினைப்பதை எனக்கு மறைக்கிறீரோ என்று அதற்கும் அழுகிறாள். பாவம், அவன் என்னதான் செய்வான்! ஆனால், இவர்கள் பிரிவார்கள் என்று எந்த வாசகரும் கவலைப்படுவதில்லை.

நகை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் எள்ளல், இளமை, பேதைமை (அறியாமை), மடன் (கொண்டதை விடாத தன்மை) என நான்கைக் கூறுகிறது. நல்ல நகைச்சுவைக் காதல் நாவல் பின்னிரண்டில் நிற்கிறது என்பது என் கருத்து. ஆசிரியர் தம் மாந்தரை எள்ளத் தொடங்கிய பக்கத்திலேயே, முடிவு எவ்வளவு இனிதாக இருந்தாலும், அந்த ஆறுதல் போய்விடும்.

பதில் – பள்ளத்தூர் வாசகி

ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆயினும் நாவலில் எது விடுபட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அங்கே தடையெல்லாம் அந்த இருவரின் மனத்துக்குள்தான் இருக்கிறது. பணம், சொந்தபந்தம், சாதி எதுவும் குறுக்கே வருவதில்லை. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தார் ஒன்பது கோயில்களைச் சார்ந்தவர்கள், ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பொதுவாகப் பங்காளிகள் என்பதால், நம் பக்கத்தில் அப்படியொரு கதையைத் தொடங்கினால் முதல் பக்கத்திலேயே "எந்தக் கோயில்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள், பங்காளி என்று தெரிந்தால் கதை அங்கேயே முடிந்தது. அந்தக் கேள்வி எழாத ஓர் உலகத்தில் சில மணி நேரம் இருந்துவிட்டு வருவதே எனக்கு ஓய்வாக இருக்கிறது. அதை வாழ்க்கையின் சித்திரமாக எடுத்துக்கொள்ளாதவரை குற்றமில்லை.

பதில் – கானாடுகாத்தானைச் சேர்ந்தவன், இப்போது சென்னையில்

பள்ளத்தூர் ஆச்சியிடம் எனக்குச் சிறிய மாறுபாடு உண்டு. உறவினரை விலக்கினால்தான் ஆறுதல் என்பதில்லை. திருமணமானவர்களை அதே வீட்டில் தனி அடுப்புடன் வேறு வைக்கும் நம் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள்: சமையல் தனி, கூரை ஒன்று, வளவு எனும் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் மாமியாரும் ஓரகத்தியும். புதிதாகச் சேர்ந்த இருவர் குரலை உயர்த்தாமல் சண்டையிட வேண்டிய அந்த நிலையில் எத்தனை அத்தியாயங்களுக்கு வேண்டிய நகைச்சுவை இருக்கிறது! நகரத்து நாவல்களில் எனக்குக் குறையாகத் தோன்றுவது இதுதான்; அங்கே காதலர்களின் சண்டையை ஒட்டுக்கேட்க ஒரு பெரியம்மாகூட இருப்பதில்லை.

காரைக்குடி ஆச்சி, வீட்டுக்காரரிடம் வாதாட வேண்டாம். தமிழாசிரியர் ஐயா குறிப்பிட்ட அந்தத் தும்மல் குறள்களை அவரிடம் படிக்கக் கொடுங்கள்.