லார்ஸ் ஹான்சனைப் பேசும்படம் விரட்டியதா?

வெண்மதி:
போன வாரம் ‘தி விண்ட்’ (1928) மௌனப்படத்தை முதன்முறையாகப் பார்த்தேன். நாயகி லிலியன் கிஷ்ஷுக்காகத்தான் உட்கார்ந்தேன். பாதியில் கண் அவளுடைய கணவனாக வரும் மாட்டுக்காரன் லைஜின் மேல் போய்விட்டது. திருமண இரவில் அவன் முத்தமிடுகிறான், அவள் அருவருத்து உதட்டைத் துடைத்துக்கொள்கிறாள். அப்போது அவன் முகம் போகிற போக்கை என்னால் மறக்க முடியவில்லை. நடித்தவர் லார்ஸ் ஹான்சன், ஸ்வீடன்காரர். அதற்குப் பின் ஹாலிவுட்டில் அவர் பெயரே இல்லை. ஆங்கிலம் வராததால் பேசும்படம் அவரைத் துரத்திவிட்டது, ஊருக்குப் போய் அடையாளம் தெரியாமல் போனார் என்று என் நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மைதானா?

சோல்னாவாசி:
பாதி உண்மை. ஆங்கிலம் விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வது சரி. ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ (1926) படப்பிடிப்பில் கிஷ் ஆங்கிலத்தில் வசனம் பேச, இவர் ஸ்வீடிஷில் பதில் சொன்னார். மௌனப்படம்தானே, யாருக்குக் காதில் விழப்போகிறது? இரண்டு படங்களையும் இயக்கியவரும் ஸ்வீடன்காரரே: விக்டர் ஷோஸ்ட்ரோம். அமெரிக்கர்களின் நாக்குக்காக அங்கே சீஸ்ட்ரோம் ஆனவர்.

‘அடையாளம் தெரியாமல் போனார்’ என்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தத் தலைமுறை ஸ்வீடன் நடிகர்களில் பலருக்குச் சினிமா கோடைக்கால வேலை. கோடையில் நாடக அரங்குகள் மூடும், அப்போது காமிராவுக்கு முன்னால் போய் நிற்பார்கள். இலையுதிர் காலம் வந்ததும் மேடைக்குத் திரும்பிவிடுவார்கள். சோறு போட்டது மேடை. ஹான்சனும் அப்படித்தான். 1886இல் கோத்தன்பர்க்கில் பிறந்தவர், 1915இல் இயக்குநர் மவுரிட்ஸ் ஸ்டில்லர் அவரைப் படத்துக்கு அழைத்துவந்தார். 1924இல் ‘யோஸ்டா பெர்லிங்’ படத்தில் பதவி பறிபோன குடிகாரப் பாதிரியாராக வந்தார். கூட நடித்த 18 வயதுப் பெண், பின்னாளில் ஹாலிவுட் நட்சத்திரமான கிரேட்டா கார்போ. இன்று அந்தப் படத்தைக் கார்போவுக்காகவே பார்க்கிறார்கள். தோளில் சுமந்தவர் ஹான்சன். கிஷ் அதைப் பார்த்துவிட்டுத்தான் தன் படத்துக்கு இவரைக் கேட்டார்.

ஊர் திரும்பியவர் பேசும்படத்திலும் பேசினார். ‘வால்போரி இரவு’ (1935) கிடைத்தால் பாருங்கள்: ஹான்சன், ஷோஸ்ட்ரோம், இளம்பெண்ணாக இங்கிரிட் பெர்க்மன், மூவரும் ஒரே படத்தில். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. 1956 பிப்ரவரி 10. அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓநீலின் ‘லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்’ நாடகம் உலகிலேயே முதன்முறையாக அரங்கேறியது அமெரிக்காவில் அல்ல, ஸ்வீடனின் தேசிய நாடக அரங்கான ஸ்டாக்ஹோமின் டிரமாட்டனில். தந்தை ஜேம்ஸ் டைரோனாக நின்றவர் 69 வயது லார்ஸ் ஹான்சன். டைரோன் யார்? பணத்துக்காக ஒரே வேடத்தை வருடக்கணக்கில் கட்டி, தன் திறமையைத் தானே கெடுத்துக்கொண்ட கிழ நடிகன். ஹாலிவுட்டை விட்டுவிட்டு வந்தவர் அந்த வேடத்தைக் கட்டியிருக்கிறார்! நான் அப்போது பிறக்கவே இல்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம்.

ஓரத்து இருக்கை:
சோல்னாவாசி மேடையைக் கொஞ்சம் அதிகமாகவே புகழ்கிறார். எல்லோருக்குமா அப்படி வாய்த்தது? இன்னொரு ஸ்வீடன் நடிகர் ஐனார் ஹான்சன் (லார்ஸுக்கு உறவில்லை) ஹாலிவுட்டில் காலூன்றும் நேரத்தில், 1927இல், கார் விபத்தில் இறந்தார். வயது 30கூட ஆகவில்லை. நடிகர் யோஸ்டா ஏக்மனை எடுத்துக்கொள்ளுங்கள். 1926இல் பெர்லினில் ஜெர்மன் இயக்குநர் முர்னாவின் ‘ஃபாஸ்ட்’ படத்தில் நாயகன். அங்கே பிடித்த கொக்கைன் பழக்கம் கடைசிவரை விடவில்லை. அவருக்கு மேடை இல்லாமலா இருந்தது? ஸ்வீடன் மேடையே அவர் காலடியில் கிடந்தது. 1938இல் 47 வயதில் போய்விட்டார்.

சோல்னாவாசி:
ஏக்மன் விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். இறப்பதற்கு இரண்டு ஆண்டு முன் வந்த ‘இன்டர்மெட்சோ’வில் வயலின் கலைஞராக அவர் நடந்து வருவதைப் பார்த்தால் உள்ளே இப்படி ஒரு நோய் என்று சொல்லவே முடியாது.

அந்தப் படத்தின் இயக்குநர் குஸ்டாஃப் மொலாண்டர். இங்கே ஒரு வம்பு. அவருடைய முன்னாள் மனைவி கரின் மொலாண்டர், நல்ல நகைச்சுவை நடிகை. ‘எரோட்டிகான்’ (1920) படத்தில் லார்ஸ் ஹான்சனோடு நடித்தார், 1922இல் அவரையே மணந்துகொண்டார். முதல் கணவரின் குடும்பப் பெயரைத்தான் மேடையிலும் திரையிலும் வைத்துக்கொண்டார். ஹான்சன் 1965இல் இறக்கும்வரை இருவரும் சேர்ந்தே வாழ்ந்தார்கள். சினிமாக்காரர் கல்யாணம் என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

ஷோஸ்ட்ரோமின் கல்லறை என் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில்தான், ஸ்டாக்ஹோமை ஒட்டிய சோல்னாவின் வடக்குக் கல்லறைத் தோட்டத்தில். 77 வயதில் இயக்குநர் இங்மார் பெர்க்மனின் ‘வைல்ட் ஸ்ட்ராபெர்ரிஸ்’ படத்தில் நடித்தபோது, மாலை 5.15க்கு வீட்டில் விஸ்கியோடு உட்கார்ந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் கோடைக்கால நடிகராகவே கடைசிவரை இருந்தார் என்று நினைத்துக்கொள்வேன்.

வெண்மதி:
நன்றி ஐயா. ஹான்சனின் மற்ற படங்களைத் தேடினேன், பலவும் கிடைக்கவில்லையே?

சோல்னாவாசி:
கிடைக்காது. 1941இல் ஸ்டாக்ஹோமில் எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் படச்சுருள்கள் வைத்திருந்த கிடங்கு வெடித்து, பழைய ஸ்வென்ஸ்கா பியோ படநிறுவனத்தின் நெகட்டிவ்களில் பெரும்பகுதி சாம்பலானது. 1915இல் அவர் ஸ்டில்லரோடு செய்த படம் இன்று இல்லை. ஹாலிவுட்டில் எடுத்தவற்றிலும் இழப்பு உண்டு. கார்போவோடு நடித்த ‘தி டிவைன் உமன்’ (1928) முழுதும் தொலைந்ததாகவே இருந்தது. பிறகு மாஸ்கோ ஆவணக் காப்பகத்தில் ஒரே ஒரு சுருள் அகப்பட்டது. சுமார் ஒன்பது நிமிடம். படைவீரனாக வருகிறார், கார்போ அவரைப் போகவிடாமல் பிடித்து வைக்கிறாள். கைபேசியில் பார்க்காதீர்கள், பெரிய திரையில் போடுங்கள். அந்த நண்பரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.