கோத்தகிரி: ஆறு வீட்டுக்கு ஒரே செப்டிக் டேங்க், யார் செலவு?

சரிவுவீடு:
சரிவில் ஆறு தனி வீடுகள். பொதுவில் ஒரு செப்டிக் டேங்க், அதற்குக் கீழே உறிஞ்சு குழி. டேங்க், ரோட்டிலிருந்து 9 மீட்டர் பள்ளத்தில் இருக்கிறது. ஐப்பசி மழை பிடித்தால் கடைசி வீட்டு பாத்ரூமில் கழிவுநீர் எதிர்த்து வருகிறது. "அது உங்கள் வீட்டு அடைப்பு" என்கிறது சங்கம். இன்னொரு வீடு வருஷத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கும். அந்த ஓனர் பங்கு தர மறுக்கிறார். எதுவரை வீட்டுச் செலவு, எதுவரை பொதுச் செலவு என்ற எல்லையை எங்கே போடுவது?

பத்திரம்_பாரு:
கிரயப் பத்திரத்தின் ஷெட்யூலை (சொத்து விவரப் பகுதியை) எடுங்கள். நிலத்தில் ஆளுக்குப் பிரிபடாத பங்கு என்று இருந்தால் 2022-ஆம் ஆண்டு தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். தனித்தனி மனை, டேங்குக்கும் குழாய்க்கும் மட்டும் பாத்தியம் என்றால் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம். அதில் பராமரிப்புச் செலவு உரிமையை அனுபவிப்பவர் தலையில்தான்.

எல்லை, ஒவ்வொரு வீட்டுக் குழாயும் பொது லைனில் சேரும் சேம்பர் (மூடி போட்ட சோதனைத் தொட்டி). அதுவரை வீட்டுக்காரர், சேம்பர் முதல் உறிஞ்சு குழி வரை சங்கம். இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். பூட்டிய வீட்டுக்குக் கசடு எடுக்கும் லாரிச் செலவில் வேண்டுமானால் சலுகை தரலாம். சுவர், மூடி, குழாய், குழி எல்லாம் ஆள் இல்லாவிட்டாலும் பழுதாகும்; அதில் ஆறில் ஒரு பங்கு வந்தாக வேண்டும்.

மட்டக்கோல்:
மழையில் மட்டும் வந்தால் வீட்டு அடைப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. தண்ணீர் எதிர்க்கும் நேரத்திலேயே அந்த வீட்டு சேம்பரைத் திறங்கள். சேம்பர் காலியாக இருந்தால் தவறு வீட்டுப் பக்கம். நிரம்பி நின்றால் பொது லைன் அல்லது டேங்க். அடுத்து டேங்க்: நீர்மட்டம் வெளியேறும் குழாய்க்கு மேல் ஏறியிருந்தால் அங்குள்ள 'டி' (T வடிவக் குழாய்த் துண்டு) அடைத்திருக்கும், அல்லது குழி தண்ணீரை வாங்கவில்லை.

கூரைத் தண்ணீரை யாராவது கழிவுக் குழாயில் விட்டிருக்கிறார்களா பாருங்கள். மலையில் இது சகஜம், கசடைக் கலக்கி உறிஞ்சு குழிக்குத் தள்ளிவிடும். செங்குத்தாக இறங்கும் குழாயும் அதையே செய்யும். டேங்குக்கு முந்தைய 12 மீட்டரில் சாய்வு 50-க்கு 1-ஐ மீறக்கூடாது.

குழி நிரம்புகிறதே என்று அதே சரிவில் இன்னொன்று வெட்டிவிடாதீர்கள். மழையில் ஊறிய மண்ணுக்குள் மேலும் தண்ணீரை இறக்கினால் என்ன ஆகும் என்பதை நீலகிரிக்காரர்களுக்கு 2009 நவம்பர் நிலச்சரிவுகளுக்குப் பிறகு விளக்கத் தேவையில்லை. டேங்கிலிருந்து வெளியேறும் நீரைத் தடுப்புச் சுவருக்கு மேலே விட வேண்டாம்; கிணறு, ஊற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி, சரிவுக்குக் குறுக்கே மட்டமாக, ஆழமில்லாத ஜல்லி வாய்க்காலில் பரவ விடுங்கள்.

கசடு_லாரி:
9 மீட்டர்தான் உங்கள் பெரிய பிரச்சினை. கடல்மட்டத்தில் உறிஞ்சு லாரி கணக்குப்படி 10 மீட்டர் இழுக்கும். கோத்தகிரி உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, கணக்கே 8 மீட்டர்தான். கெட்டிக் கசடோடு ஐந்தாறு மீட்டர் வந்தால் அதிகம். மேலே உள்ள நீரை மட்டும் எடுத்துவிட்டு "காலி" என்று லாரி போய்விடும், அடிக்கசடு அப்படியே கிடக்கும். டேங்குக்குள் சேற்று பம்ப் இறக்கிக் கீழிருந்து லாரிக்குத் தள்ளச் சொல்லுங்கள். தள்ளுவதற்கு அந்த உயர வரம்பு கிடையாது.

எப்போது எடுப்பது? நீளக் கழியில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை விட்டு அளந்து பாருங்கள். அடிக்கசடும் மேலே மிதக்கும் ஏடும் சேர்ந்து நீராழத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்தால் லாரியைக் கூப்பிட வேண்டியதுதான். குளிரில் கசடு மெதுவாகத்தான் செரிக்கும், எனவே மூன்று வருஷம் காத்திருக்காமல் இரண்டாம் வருஷமே பாருங்கள்.

சரிவுவீடு:
பம்ப் அடைத்தால் ஆளை இறக்கி எடுக்கலாம் என்கிறார் சங்கச் செயலாளர்.

பத்திரம்_பாரு:
கூடவே கூடாது. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன். சில மூச்சிலேயே ஆள் விழுவார். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பின்றி ஆளை இறக்கினால் முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட. இதில் அந்தச் செயலாளர்தான் மாட்டுவார். பம்ப்பைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள், அடைத்தால் மேலே தூக்கிச் சுத்தம் செய்துகொள்ளலாம்.