ஆழாக்குக் கணக்கைக் கிராமில் மாற்ற உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். பாட்டியின் குறிப்பேட்டில் அதிரசத்திற்கு ‘மாவரிசி 4 ஆழாக்கு, பாகு வெல்லம் 3 ஆழாக்கு’ என்று மட்டுமே இருக்கிறது. நானோ மின்னணுத் தராசில் நிறுத்துச் சமைத்துப் பழகியவள். அவருடைய பித்தளை ஆழாக்கில் தலைதட்டித் தண்ணீர் பிடித்தால் சரியாக 200 மில்லி வருகிறது, ஆகவே கொள்ளளவில் எனக்கு ஐயமில்லை. பச்சரிசி அதே ஆழாக்கில் 168 கிராம் நின்றது. சிக்கல் வெல்லத்தில்தான்: பொடித்துத் தளர்வாகப் போட்டால் 130 கிராம், விரலால் அழுத்தினால் 170 கிராமையும் தாண்டுகிறது. மூன்று ஆழாக்குக்கு இந்த வேறுபாடு 120 கிராமுக்கு மேல் போய்விடுவதால், சென்ற முறை அதிரசம் எண்ணெயிலேயே பிரிந்து கரைந்துவிட்டது (பாகுப் பதமும் கொஞ்சம் முந்தியிருக்கலாம்).

அந்த நாளில் வெல்லத்தைத் தட்டி அழுத்தி அளந்தார்களா, அல்லது கும்பமாகக் குவித்தார்களா? அரிசியை ஊறவைப்பதற்கு முன்பு அளப்பதா, இடித்துச் சலித்த ஈர மாவை அளப்பதா என்பதையும், 1 கிலோ பச்சரிசிக்கு உங்கள் வீட்டில் எத்தனை கிராம் வெல்லம் சேர்ப்பீர்கள் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.