புதுப்பிப்பு: எல்லா மதத்துக்கும் பொதுவான தொடக்கப் பள்ளி திறந்துவிட்டது (அயர்லாந்து)

டப்ளின் புறநகரில் பெற்றோர் சேர்ந்து இப்படி ஒரு பள்ளியைக் கொண்டுவர முடியுமா என்று போன வருடம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

1978-ல் டப்ளினை அடுத்த டால்கியில் பெற்றோரே இப்படி ஒரு பள்ளியைத் தொடங்கியதுபோல நாமும் நிதி திரட்டலாம் என்று சிலர் சொன்னீர்கள். எங்களுக்குக் கைகொடுத்தது இன்னொரு யோசனை: "கல்வித்துறை உங்கள் பகுதிக்குப் புதுப் பள்ளி அறிவிக்கும்வரை காத்திருங்கள். அறிவித்ததும், எந்த அமைப்பு நடத்த வேண்டும் என்ற விருப்பத்தைப் பெற்றோர் இணையத்தில் பதியவேண்டும்." அப்படியே செய்தோம். மாலை நேரங்களில் விளையாட்டுத் திடலில் நின்று, தள்ளுவண்டியோடு வந்த ஒவ்வொரு அம்மா அப்பாவிடமும் பேசினோம். ஐரிஷ் வழியா ஆங்கில வழியா என்றும் அதிலேயே கேட்பார்கள், முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நாங்கள் கேட்ட எஜுகேட் டுகெதர் (எல்லா மதத்துக்கும் பொதுவான பள்ளிகளை நடத்தும் அமைப்பு) என்ற அமைப்புக்கே பள்ளியை நடத்தும் பொறுப்பு கிடைத்தது.

எதிர்பாராதது ஒன்று. முதல் வருடம் ஜூனியர் இன்ஃபன்ட்ஸ் வகுப்பு (நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்கான தொடக்க வகுப்பு) மட்டும்தான். அதனால் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மூத்தவன் பழைய பள்ளியிலேயே இருக்கிறான். இது தெரியாமல் அவனுக்கு ஆசை காட்டிவிட்டேன், அதுதான் வருத்தம்.

அப்புறம், முதல் நற்கருணை என்ற கத்தோலிக்கச் சடங்குக்குப் பிள்ளைகளைத் தயார்செய்வது இங்கே பள்ளி நேரத்துக்கு வெளியேதான் நடக்கும். கத்தோலிக்க நண்பர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்போதைக்குத் தற்காலிகக் கட்டடம். கோட் மாட்டும் கொக்கிகளுக்கு மேல் பிள்ளைகள் அவரவர் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். சின்னவள் தமிழிலும் எழுதியிருக்கிறாள்.